கிடங்குக்காரனின் கணக்கு

நினைவகம் என்னும் சொல்லுக்குத் திருப்பெரும்புதூரில் நெடுங்காலமாக ஒரே பொருள்தான் உண்டு. 1991 மே 21 இரவில் ராஜீவ் காந்தி உயிரிழந்த இடத்தில் அமைந்திருக்கும் நினைவிடத்தையே இங்குள்ள ஆட்டோ ஓட்டுநர்கள் அப்பெயரால் குறிப்பிடுவர். எனவே என் அக்காள் மகள் ஒரு மாலையில் தொலைபேசியில் அழைத்து, "மாமா, நினைவகம் கூடுதலா இருக்கணுமா, சேமிப்பகம் கூடுதலா இருக்கணுமா?" என்று கேட்டபோது, அருகிலிருந்த என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அங்கே போய்ட்டு வர்றதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை?" என்றாள். கடைக்காரர் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையைப் பெண் அப்படியே படித்திருக்கிறாள். அவள் வாங்கவிருந்தது ஒரு மடிக்கணினி. 'ரேம்' என்று நாம் வழங்கும் நினைவகத்திற்குக் கூடுதல் பணம் தருவதா, கோப்புகளைக் காத்து வைக்கும் சேமிப்பகத்திற்குத் தருவதா என்பதே அவளுடைய கேள்வி.

கையில் பணம் தாராளமாக உள்ளவர்களுக்கு இது ஒரு கேள்வியே அன்று. இரண்டையும் கூடுதலாக வாங்கிக்கொண்டு போய்விடுவர். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் கைப்பேசி செய்யும் ஆலையொன்றில் சுழல்முறைப் பணியாற்றி, ஊருக்கு அனுப்பியது போக மீந்ததைப் பதினெட்டு மாதங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு நிலை வேறு. கடையில் அவள் பார்த்து வந்த இரு மடிக்கணினிகளும் ஏறத்தாழ ஒரே விலை. ஒன்றில் 8 ஜி.பி. நினைவகம், 512 ஜி.பி. சேமிப்பகம். மற்றொன்றில் 16 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. சேமிப்பகம். ஒன்றில் இரட்டிப்பாக இருப்பது மற்றொன்றில் பாதியாக இருந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் அவளிடம் இருந்த தொகை எட்டவில்லை.

அவள் இரண்டு பந்திகளுக்கும் நடுவே வந்து நின்றவள் என்று நான் சொல்வதுண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சில ஆண்டுகளில் 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மாணவ மாணவியர் அதனால் பயன் பெற்றனர். கொரோனா காலத்தில் அத்திட்டம் நின்றுபோயிற்று. தேர்வே நடவாமல் மதிப்பெண் வழங்கப்பட்ட 2021-ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள் இவள். பிறகு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்று ஆலைக்கு வந்துவிட்டாள். 2026 சனவரியில் கல்லூரி மாணவர்களுக்கென அரசு மீண்டும் மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது இவள் மாணவியாக இல்லை. முதல் பந்தியில் அவளுடைய மூத்த அண்ணன் அமர்ந்தான். அடுத்த பந்தியில் அவளுடைய சித்தி மகள் அமர்ந்திருக்கிறாள்.

இப்போது அவள் மாலை நேரங்களில் இயந்திர வரைபடப் பயிற்சி பெற்று வருகிறாள். உதிரிபாகங்களைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் வரைந்து பொருத்திப் பார்க்கும் கலை அது. ஆலையின் கூடத்தில் நின்றுகொண்டே திருகாணி முடுக்குவதிலிருந்து வரைபட அறையின் நாற்காலிக்குச் செல்ல அவளுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். அந்த நாற்காலியை அடைவதற்கு உதவும் கருவியாகத்தான் மடிக்கணினியை அவள் எண்ணினாள். எனவே எதையேனும் சொல்லி வைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் கணினி கற்றவன் அல்லன். ஒரகடத்தில் வாகன உதிரிபாக ஆலையொன்றின் கிடங்குப் பிரிவில் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். 'ஸ்டோர்ஸ்' என்றால்தான் ஆலையில் எல்லாருக்கும் புரியும். ஆனால் இக்கேள்வியைக் கேட்டதும் இது எங்கள் ஆலையில் நாள்தோறும் எழும் கேள்விதானே என்று தோன்றியது.

பொருத்து வரிசையில், அதாவது 'லைனில்', நிற்கும் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு அடுக்கு இருக்கும். அந்த நேரத்திற்குத் தேவையான திருகு, வளையம், குழாய் யாவும் அதில் இருக்கும். மற்றவையெல்லாம் தொலைவில் என் பொறுப்பிலுள்ள கிடங்கில். கிடங்கு பெரிது, ஓர் ஆண்டுக்கான பொருளைக்கூட அடைத்து வைக்கலாம். ஆனால் வண்டி உருவாவது கிடங்கில் அன்று; அந்தச் சிறு அடுக்கின் முன்னேதான். அடுக்கு சிறிதாக இருந்தால் டிராலி தள்ளும் பையன் நொடிக்கொருமுறை கிடங்குக்கு ஓடி வருவான். ஒன்றை எடுத்து வைக்க இடமில்லாமல், அங்கிருக்கும் மற்றொன்றைத் திருப்பிக் கொண்டு வருவான். சற்று நேரத்தில் அதையே மீண்டும் கேட்பான். லைனில் நிற்பவர் கைகட்டி நிற்பார். மேற்பார்வையாளர் என்னிடம் வந்து சத்தம் போடுவார். கிடங்கில் பொருள் இல்லையா என்றால், இருக்கிறது; மலைபோல் குவிந்து கிடக்கிறது.

கணினியில் நினைவகம் என்பது அந்தக் கையருகு அடுக்கு. சேமிப்பகம் என்பது கிடங்கு. மின்சாரம் நின்றதும் நினைவகம் வெறுமையாகிவிடும். ஷிஃப்ட் முடிந்ததும் அடுக்கைத் துடைத்து வைப்பது போல. சேமிப்பகம் மின்சாரம் இல்லாமலும் தான் பெற்றதை வைத்திருக்கும். நாம் ஒரு கோப்பைத் திறக்கும்போது அது கிடங்கிலிருந்து அடுக்குக்கு வருகிறது. அங்கிருந்துதான் கணினியின் மூளை அதைத் தொட்டு வேலை செய்கிறது. நினைவகம் நிறைந்துவிட்டால் கணினி உடனே நின்றுவிடுவதில்லை. சேமிப்பகத்தில் ஒரு மூலையைக் கடன் வாங்கி, அப்போதைக்கு வேண்டாததை அங்கே தள்ளிவிட்டு வேலையைத் தொடரும். டிராலிப் பையனின் ஓட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை நாம் பார்க்கிறோம்.

இந்த ஓட்டத்தின் தொலைவை ஒரு கணக்கால் உணரலாம். நினைவகத்திலிருந்து ஒன்றை எடுக்கக் கணினிக்கு ஏறத்தாழ ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகும். மனிதக் கணக்கில் அதை ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின், இன்றைய எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்திலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பு எல்லாக் கணினிகளிலும் இருந்த சுழலும் வன்தட்டிலிருந்து எடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் கடந்து இன்னும் சில மணி நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி. வந்தபின் ரேம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை என்று கடைகளில் சொல்வர். நூறு மைல் நடந்தவனுக்கு ஒரு மைல் எளிதுதான். ஆனால் கைநீட்டி எடுப்பதும் ஒரு மைல் நடப்பதும் ஒன்றாகிவிடுமா?

அவளுடைய அண்ணன் 2012-இல் பெற்ற விலையில்லா மடிக்கணினி என் நினைவிற்கு வந்தது. அதில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன. அது கிராமத்துக்கே பெருமையாய் வந்து சேர்ந்த பொருள். ஏழாண்டுகள் அதைப் பயன்படுத்திய பின்னும் 320-இல் கால் பங்குகூட நிறையவில்லை. ஆனால் கடைசி ஆண்டுகளில் இணையத்தில் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு அடுத்ததைத் திறந்தால், எழுந்துபோய்க் காபி குடித்துவிட்டு வரலாம். கிடங்கு காலியாகக் கிடந்தது, லைன் நின்றுகொண்டிருந்தது. அந்தக் கணினியை அவன் ஒதுக்கி வைத்தது அது பழுதுபட்டதனால் அன்று.

இப்போது அரசு வழங்கும் மடிக்கணினிக்கு 2025-இல் வகுக்கப்பட்ட அளவு என்ன தெரியுமா? 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பதினான்கு ஆண்டுகளில் நினைவகம் நான்கு மடங்காகியிருக்கிறது. சேமிப்பகமோ முன்னிருந்ததைவிடக் குறைந்திருக்கிறது. சுழலும் தட்டைவிட எஸ்.எஸ்.டி. விலை மிகுந்தது என்பது அதற்கு ஒரு காரணம். எனினும் இலட்சக்கணக்கில் வாங்குபவர் கிடங்கைச் சுருக்கி அடுக்கை அகலமாக்கியிருக்கிறார் என்பதை நான் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. உலகெங்கும் இதே போக்குத்தான். 2024 அக்டோபர் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் தன் மெல்லிய மடிக்கணினியின் தொடக்க நினைவகத்தை 8-இலிருந்து 16 ஆக்கியது; சேமிப்பகத்தை 256-இலேயே விட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக்கென வகுத்த புதுவகைக் கணினிகளுக்கும் குறைந்த அளவாகக் கேட்டவை இவ்விரு எண்களையே.

தமிழர்களாகிய நமக்கு இந்த வேறுபாடு புதிதன்று. சுவடி வேறு, அவதானம் வேறு என்று நாம் அறிந்திருந்தோம். நாகர்கோவிலையடுத்த கோட்டாறு இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒருவர் கேட்கும் ஈற்றடிக்கு வெண்பா முடிப்பது, மற்றொருவர் முதுகில் எறியும் நெல்லை எண்ணுவது, அடிக்கும் மணியைக் கணக்கிடுவது என வேறுவேறு செயல்களை ஒரே வேளையில் மனத்தில் தாங்கி, ஒன்றையும் நழுவவிடாமல் விடை சொல்லும் கலை அது. அவர் கற்ற நூல்களின் எண்ணிக்கைக்காக மட்டும் மக்கள் வியக்கவில்லை. அத்தனையையும் ஒரே நேரத்தில் கையில் ஏந்தி நின்றாரே, அதற்காக வியந்தனர். முப்பரிமாண வரைபடம் கணினியிடம் கேட்பதும் ஏறத்தாழ ஓர் அவதானமே. நூறு உறுப்புகள் உள்ள ஓர் இயந்திரத்தைத் திரையில் திருப்பிப் பார்க்க வேண்டுமானால் நூறும் அந்த நேரத்தில் நினைவில் இருந்தாக வேண்டும். 'சாலிட்வொர்க்ஸ்' போன்ற வரைபட மென்பொருள்கள் 16 ஜி.பி. நினைவகத்தைக் குறைந்த அளவாகக் கேட்பது இதனால்தான்.

அடுக்கு நிறைந்து வழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனித வரலாற்றில் ஒரு பெருங்காட்சி உண்டு. 1969 சூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிக்கொண்டிருந்த கடைசி நிமிடங்களில் அவர்களுடைய கணினி '1202' என்று எச்சரிக்கை எழுப்பியது. அந்தக் கணினியில் அழித்தெழுதக்கூடிய நினைவகம் 2,048 சொற்கள். மாறாத சேமிப்போ 36,864 சொற்கள். இறங்குவதற்கான கட்டளைகள் யாவும் சேமிப்பில் பத்திரமாக இருந்தன. எனினும் தேவையற்ற ஒரு ராடார் வேலை இடையில் புகுந்து நேரத்தைத் தின்றது. முடிவடையாத வேலைகள் குவிந்தன. புதிய வேலையை ஏற்க நினைவகத்தில் இடமில்லாமல் போயிற்று. நல்லவேளையாக, இவ்வாறு நேர்ந்தால் முக்கியமல்லாதவற்றைக் கைவிட்டு இறங்கும் பணியை மட்டும் பற்றிக்கொள்ளும்படி அதன் நிரலை முன்னரே எழுதியிருந்தனர்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அந்த 36,864 சொற்களையும் கம்பியால் நெய்தவர்கள் பெண் தொழிலாளர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்தம் என்னும் ஊரில் ரேதியான் நிறுவனத்தின் ஆலையில் அவர்கள் அமர்ந்து, சிறு காந்த வளையங்களின் உள்ளேயோ வெளியேயோ கம்பியைச் செலுத்தி, ஒன்றும் சுழியுமாக நிலவுக்குப் போகும் வழியைப் பின்னினர். இதை நான் சொன்னபோது அக்காள் மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்கும் ஷிஃப்ட் உண்டா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

இவ்வளவும் கேட்ட பின்னும் அவள் மனம் 512-ஐ விட்டு நகரவில்லை. பெரிய கிடங்கின்மேல் மனிதருக்குள்ள ஆசை எனக்குத் தெரியாததன்று. அதிலேயே வாழ்கிறவன் நான். விடுதியில் அவளுக்கென்று உள்ளவை ஒரு கட்டிலும் பூட்டு வைத்த ஒரு சிறு அலமாரியும்தான். வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அதுபோன்ற பெருங்கட்டடங்களும், வீடுகளை மாற்றியமைத்த சிறு விடுதிகளும் இவ்வட்டாரமெங்கும் உள்ளன. எங்கும் ஒருவருக்குக் கிடைக்கும் இடம் கைக்குள் அடங்கும். அவ்வாறு வாழ்கிறவளுக்குக் கணினியிலாவது பெரிய இடம் வேண்டும் என்று தோன்றியிருக்கலாம் என எண்ணினேன். காரணம் அதுவன்று.

"அப்பாவோட மெசேஜ் எல்லாம் போனுக்குள்ளதான் இருக்கு மாமா. போன் நிறைஞ்சுபோச்சு. தினமும் எதையாவது அழிக்கச் சொல்லுது. பயமா இருக்கு" என்றாள்.

என் அத்தான் 2022-இல் காலமானார். வடக்கன்குளத்தை அடுத்த சிற்றூரில் லாரி ஓட்டியவர். மகள் பாலிடெக்னிக் விடுதியில் இருந்த நாள்களில், எழுதச் சோம்பல்பட்டு, வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குரலிலேயே செய்தி அனுப்புவார். சாப்பிட்டியா மக்ளே என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றும் இராது. பின்னணியில் லாரியின் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும். அந்தக் குரலுக்குத்தான் அவள் இடம் தேடிக்கொண்டிருந்தாள். வருங்காலத்துக்கு நாற்காலி ஒன்று, இறந்தகாலத்துக்கு அலமாரி ஒன்று. கையிலிருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்று அவள் நினைத்திருந்தாள்.

கிடங்குக்காரன் முதலில் செய்வது சரக்கை எடைபோடுவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு வரச்சொன்னேன். உணவுக்குப் பின் இருவரும் அமர்ந்து கைப்பேசியில் நிறைந்திருந்தது என்னவென்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 128 ஜி.பி. கைப்பேசி. திரைப்படங்கள் சில. குழுக்களில் யார் யாரோ அனுப்பிய காலை வணக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில். அவற்றில் பாதி ரோசாப்பூ. ஒரே வேடிக்கைக் காணொளி ஐந்து பேரிடமிருந்து ஐந்து முறை. அழித்துவிட்ட செயலிகள் விட்டுச்சென்ற குப்பை. பிறகு அப்பாவைத் தனியே பிரித்தோம். ஒளிப்படங்கள் மூவாயிரத்துச் சொச்சம், 9 ஜி.பி. பங்குத் திருவிழாவில் அவர் பாடற்குழுவில் பாடியதும், வீட்டுக் கிரகப்பிரவேசமும், வேறு சில காணொளிகளும் 8 ஜி.பி. குரற்செய்திகள் இருநூற்றுப் பன்னிரண்டு. அவை அனைத்தும் சேர்ந்து 100 எம்.பி.கூட இல்லை. ஒரு ஜி.பி.-யில் பத்தில் ஒரு பங்கு.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானா மாமா?" என்றாள். அந்தக் கேள்விக்கு நான் மறுமொழி கூறவில்லை. குரல் சிறிய இடத்தில் அடங்கிவிடும் என்பது நுட்பவியல் செய்தி மட்டுமே. மொத்தம் 18 ஜி.பி.-க்குள் அடங்கிவிட்டது அவள் காக்க நினைத்த அனைத்தும். 256 என்றாலும் 512 என்றாலும் அதற்கு இடம் உண்டு.

ஆனால் இடம் இருப்பது வேறு, காப்பு இருப்பது வேறு. ஒரே பேழை எவ்வளவு பெரிதாயினும், அது உடைந்தால் உள்ளே இருப்பது அனைத்தும் போகும். எஸ்.எஸ்.டி. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடலாம். நெடுங்காலம் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதிலுள்ளவை மங்கவும் கூடும். மடிக்கணினி திருட்டுப் போகலாம், கீழே விழலாம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருகிய நாள்களை இப்பகுதியினர் மறக்கமாட்டார்கள். முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது நனைந்துபோன திருமண ஆல்பங்களை மொட்டைமாடியில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்தால் முகம் எதிர்ப்பக்கத்தில் போய்விடும். அவர்களுக்குப் பெரிய அலமாரி இல்லாமல் போனதா குறை? வெளியூரில் உறவினர் வீட்டில் இன்னொரு படி இருந்தவர்கள் பிழைத்தனர்.

நம் முன்னோர் தந்த ஒரு செல்வத்தின் கதையும் இதுதான். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. அண்டிரிக் அடிகளாரின் உழைப்பில் உருவான, பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். முத்துக்குளித்துறை மக்களின் கைகளில் அந்நாளில் எத்தனை படிகள் புழங்கினவோ, ஈரமும் கரையானும் அவற்றைத் தின்றுவிட்டன. கடல் கடந்து சென்ற படியொன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருப்பதனால்தான் இன்று அதன் எழுத்துருவை நாம் காண முடிகிறது.

ஆகவே நான் அவளிடம் சொன்னது இதுதான்: கணினிக்குள் நினைவகத்தை வாங்கு, அப்பாவைக் கணினிக்குள் மட்டும் வைக்காதே. வெளியே செருகும் வன்தட்டு சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. அதில் ஒரு படி வை. இன்னொரு படி வேறோர் இடத்தில் இருக்கட்டும். பின்னாளில் சேமிப்பகம் போதவில்லையென்றால் அதை வெளியிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். பல கணினிகளில் உள்ளேயே கழற்றிப் பெரிதாக மாற்றலாம். நினைவகம் அப்படியன்று. இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கணினியின் ஆயுள் முழுவதும் அவ்வளவுதான்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே என்பது என் கருத்து. எத்தனை ஜி.பி. என்பதை அட்டையிலேயே எழுதியிருக்கிறார்கள். பற்றவைத்ததா, செருகியதா, செருக இன்னொரு இடம் காலியாக உள்ளதா என்பதை எழுதுவதில்லை. இடம் காலியாக இருந்தால் 8 வாங்கிவிட்டுப் பிறகு கூட்டிக்கொள்ளும் வழி உண்டு. ஆனால் அந்தப் 'பிறகு' எவ்வளவு மலிவாயிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வன்தட்டு ஆலைகள் மூழ்கியபோது உலகெங்கும் சேமிப்பகம் விலையேறிற்று. 2025 இறுதியில் நினைவகத்தின் முறை வந்தது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்யும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களும் செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கான சில்லுகளின் பக்கம் திரும்பின. பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த 'குருசியல்' வணிகத்தை மூடப்போவதாகவே 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. 2007-இலேயே டெல் நிறுவனம் திருப்பெரும்புதூரில் ஆலை தொடங்கியது, எச்.பி. மடிக்கணினிகளும் 2021 முதல் இங்கே பொருத்தப்பட்டன. ஆனால் கணினியைப் பொருத்தும் ஊராயிருந்தும் அதன் நினைவுக்கு நாம் கொரியாவைத்தான் பார்த்திருக்க வேண்டியுள்ளது.

எல்லாருக்கும் இதே விடை பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் தெருவில் திருமணங்களுக்குக் காணொளி எடுக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். ஒரு திருமணத்துக்கே 200 ஜி.பி. சேர்ந்துவிடும், அவருக்குக் கிடங்கும் வேண்டும், அடுக்கும் வேண்டும். கடிதம் தட்டச்சு செய்து, கணக்கெழுதி, செய்தி படிப்பவருக்கு 8 ஜி.பி. இன்று போதும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதுமென அதன் தயாரிப்பாளர் அறிவித்திருப்பது உண்மையே. அது வீட்டுக்குள் நுழைவதற்கான அளவு, குடியிருப்பதற்கான அளவன்று. 16-ஐ 32 ஆக்கச் சொல்லிக் கடைக்காரர் தூண்டினால் பெரும்பாலோர் அந்தப் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். அடுக்கில் வெற்றிடம் மிகுந்திருந்தால் லைன் வேகமாக ஓடிவிடாது.

அவள் 16-ஐயே வாங்கினாள். கடைக்குச் சென்றபோது பணியாளர், "256 பத்தாதும்மா, எல்லாரும் 512தான் எடுக்கறாங்க" என்றார். அவள் துண்டறிக்கையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, ரேம் சோல்டர் பண்ணதா? எஸ்.எஸ்.டி. கழட்டலாமா?" என்று கேட்டாள். அவர் உள்ளே போய் மற்றொருவரை அழைத்து வந்தார். நினைவகம் பற்றவைத்தது, சேமிப்பகம் கழற்றக்கூடியது என்று அவர் தெரிவித்தார். வீட்டில் திறந்து பார்த்தபோது 256 என்றது 238 என்று காட்டியது. தயாரிப்பாளர் ஆயிரமாயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணுகிறது, ஏமாற்று ஒன்றுமில்லை. விண்டோசும் வரைபட மென்பொருளும் பயிற்சிக் கோப்புகளும் ஏறிய பின் 140-க்குச் சற்றுக் குறைவாக மீதமிருந்தது.

இப்போது இரவுப் பணி இல்லாத வாரங்களில் மாலைதோறும் அவள் ஒரு பற்சக்கரப் பெட்டியை வரைந்துகொண்டிருக்கிறாள். 94 உறுப்புகள். சென்ற வாரம் அதைத் திரையில் சுழற்றிக் காட்டினாள். பக்கத்துச் சன்னலில் பாடக் காணொளியும், அதன் பின்னே இன்னும் சில பக்கங்களும் திறந்தே இருந்தன. சக்கரங்கள் தடங்கலின்றிச் சுழன்றன. அப்பாவின் 18 ஜி.பி.-யில் ஒரு படி என் வீட்டில் இருக்கிறது. மற்றொன்றை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். என் அக்காள் அந்த வன்தட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றி, பீரோவின் உள்ளறையில், நிலப்பத்திரத்துக்கும் பிள்ளைகளின் திருமுழுக்குச் சான்றிதழ்களுக்கும் நடுவே வைத்துப் பூட்டியிருக்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் கணினியில் செருகிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். "அப்போ உங்க அத்தான் குரலையும் ஒருதரம் போட்டுக் காட்டணும்" என்றாள்.